சரி அண்ணாச்சி, செஞ்சிரலாம்

முடியாது என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறேன். மற்றபடி எதைக் கேட்டாலும், "சரி அண்ணாச்சி, செஞ்சிரலாம்." கை எட்டாத உயரத்தில் சுவிட்ச் வைக்க வேண்டுமா? செஞ்சிரலாம். வீடு முழுக்க ஒரே வாரத்தில் வயர் மாற்ற வேண்டுமா? செஞ்சிரலாம். குரலும் ஒரே குரல்தான், ஏற்றம் இறக்கம் எதுவும் கிடையாது. அந்தப் பதிலை நம்பி நான் பட்ட பாடு இருக்கிறதே, எதிரிக்கும் வரக்கூடாது.

நான் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லின் டைம் ஆபீசில் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்தவன். ஷிப்டுக்கு ஐந்து நிமிஷம் பிந்தி வந்தவன் பெயருக்கு நேரே சிவப்பு மையில் சுழித்துச் சுழித்தே விரல் காய்த்துப் போனவன். எட்டு மணி என்றால் எட்டு மணி. அப்படிப்பட்ட எனக்கு வந்து வாய்த்தார் இந்த எலெக்ட்ரீசியன்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். அப்போது நாற்பது வயதிருக்கும். மற்றவர்கள் பேனா செருகும் இடத்தில் டெஸ்டர் செருகியிருப்பார். பைக்குள் தனியாக ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. வாசலில் தோல் செருப்பைக் கழற்றிவிட்டு, ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் வருவார். என் மனைவிக்குப் பற்றிக்கொண்டு வரும். "உள்ள செருப்புப் போடாதீங்கன்னு சொல்லுங்க" என்று என் காதைக் கடித்தாள். சொன்னேன். "சரிக்கா" என்று அவள் பக்கம் பார்த்துத் தலையாட்டினார். கழற்றவில்லை.

எங்கள் வீட்டு வயரிங்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். அப்பா வீடு கட்டியபோது மரச்சட்டத்தின் மேல் ஓட்டிய இரண்டு வயர்தான் அதுவரை ஓடிக்கொண்டிருந்தது. எர்த் என்று ஒன்று கிடையாது. பாத்ரூம் குழாயைத் திறந்தால் விரல் நுனியில் சுர்ரென்று ஏறும். அதற்கு நாங்கள் என்ன செய்தோம்? உள்ளே ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கிப் போட்டோம். விருந்தாளி வந்தால் சோப்பு எங்கே இருக்கிறது என்று சொல்வதற்கு முன்னால் செருப்பு எங்கே இருக்கிறது என்று சொல்வோம். என் மகள் பதினோரு வயதில் ஒருநாள் அவசரத்தில் வெறுங்காலோடு போய், ஈரக்கையால் குழாயைத் தொட்டு, தூக்கியடித்து விழுந்தாள். தாடையில் மூன்று தையல். அதற்குப் பிறகாவது எங்களுக்குப் புத்தி வந்ததா? அவள் அளவுக்கு இன்னொரு ஜோடி செருப்பு வாங்கி வைத்தோம்.

அந்த மகளை ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக் கொடுத்தோம். அவள் உண்டாகி ஆறாவது மாசம் நடந்துகொண்டிருந்தபோது, வளைகாப்புக்கு நாள் குறிக்க சம்பந்தியம்மா வந்திருந்தார். காப்பியைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "கோவிச்சுக்கிடாதீய அண்ணாச்சி. உங்க வீட்டுப் பாத்ரூம்ல கரண்ட் அடிக்கும்னு பிள்ளை சொல்லுதா. வயித்துப்பிள்ளைக்காரியை நான் எப்படி அனுப்ப? வளைகாப்புக்குள்ள வயரை மாத்துனீயன்னா அன்னைக்கே கூட்டிட்டுப் போங்க. இல்லன்னா பேறுகாலம் எங்க வீட்டுலயே இருக்கட்டும்."

நியாயமான பேச்சு. அதனால்தான் கூடுதலாகக் கோபம் வந்தது. தலைப்பிள்ளைப் பேறுகாலத்துக்கு மகள் தாய்வீட்டுக்கு வரவில்லையென்றால் தெருவில் தலைகாட்ட முடியுமா? என் மனைவி அடுப்படிக்குள் போய் மூக்கைச் சிந்தினாள். வளைகாப்புக்கு ஐந்து வாரம் இருந்தது. ஆளையும் சம்பந்தியம்மாவே சொல்லிவிட்டார். அவர்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார், வேலை சுத்தம் என்றார். மற்றதைச் சொல்லவில்லை.

முதல் நாள் வந்தவர் ஒரு திருப்புளியைக்கூட வெளியே எடுக்கவில்லை. "காலையில ஆறு மணிக்கு உங்க வீட்டுல என்னென்ன ஓடும் அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"வயரை மாத்துங்கன்னா வீட்டு வழக்கத்தைக் கேக்கீங்களே" என்றேன்.

சிரித்தார். அவ்வளவுதான். மூன்று நாள் காலையில் ஆறு மணிக்கெல்லாம் வந்து அடுப்படி வாசல்படியில் உட்கார்ந்துகொண்டார். மோட்டார் போடும்போது ஹீட்டரும் ஓடுகிறதா, கிரைண்டர் ஓடும்போது அயர்ன் பெட்டி போடுகிறோமா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். எங்கள் வீட்டுத் தினசரிக் காலண்டரில் கிழித்துப் போட்ட பழைய தாள்களை மனைவியிடம் கேட்டு வாங்கி, முதுகுப் பக்கம் பென்சிலால் எழுதினார். ஒரு தாளுக்கு ஒரு லைன். முன்கட்டு லைட்டு ஃபேனுக்கு ஒன்று. பின்கட்டுக்கு வேறொன்று, ஒரு பக்கம் போனாலும் வீடு முழுக்க இருட்டாகக்கூடாதாம். அடுப்படி தனி. ஹீட்டர் தனி. மோட்டார் தனி. மகள் அறைக்குப் புதிதாக வாங்கவிருந்த ஏ.சி. தனி. எல்லாவற்றையும் ஹாலில் வரிசையாகப் பரப்பி, ஃபேன் காற்றுக்குப் பறக்காமல் ஒவ்வொன்றின் மேலும் ஒரு புளியங்கொட்டையை வைத்தார். அதுவும் என் மனைவியிடம் வாங்கியதுதான்.

"இதுதான் அண்ணாச்சி போர்டு. ஒரு தாளுக்கு ஒரு சுவிட்ச்."

வரிசைக்கு முன்னால் தனியாக ஒரு தாள் கிடந்தது. அது என்ன என்றேன். "ட்ரிப்பர். எங்கனயாவது துளி கரண்ட் கசிஞ்சாலும் மொத்தத்தையும் நிறுத்திரும். இது இருந்தா பிள்ளைக்குப் பயமில்ல." கடைசியில் எதுவும் எழுதாத இரண்டு தாள். அவை பொறவு வரப்போறதுக்காம். அடுப்படித் தாளை எடுத்து இரண்டாகப் பிரிக்கலாமா என்று அரைமணி நேரம் யோசித்தார். நான் காலண்டரில் வளைகாப்புத் தேதியைப் பார்த்தேன். அங்கே தாள் குறைந்துகொண்டே வந்தது.

ஒருவழியாகச் சுவரை வெட்டத் தொடங்கினார். வீடெல்லாம் செங்கல் தூசி. அந்த நேரம் பார்த்துத் தளவாய்புரத்திலிருந்து என் அண்ணன் வந்து சேர்ந்தார். வாஸ்து பார்க்காமல் செருப்புக்கூட வாங்க மாட்டார். "ஏலே, நெருப்புச் சம்பந்தப்பட்டது எல்லாம் அக்கினி மூலையிலதான் இருக்கணும். போர்டை வாசப்பக்கம் வச்சா வீடு வெளங்குமா?" என்றார். எங்கள் வீட்டில் தென்கிழக்கு மூலை என்பது அடுப்படியில் பாத்திரம் விளக்கும் தொட்டிக்கு நேர் மேலே. மகள் பேறுகாலத்துக்கு வருகிற நேரத்தில் அண்ணன் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் விழுந்த பிறகு எனக்கும் மனசு கேட்கவில்லை. எலெக்ட்ரீசியனைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"சரி அண்ணாச்சி, வச்சிரலாம்" என்றார். சாயங்காலம் பையை எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் வரவில்லை.

அதற்கு மறுநாளும் வரவில்லை. போன் போட்டால் உடனே எடுப்பார், அதையும் சொல்ல வேண்டும். "வந்துக்கிட்டே இருக்கேன் அண்ணாச்சி." எங்கே வந்துகொண்டே இருந்தாரோ. நான் காலை எட்டு மணியிலிருந்து வாசலில் நின்றேன். மில்லாக இருந்தால் நான்கு நாளுக்கும் சிவப்பு மை. வெட்டிப் போட்ட சுவரைப் பார்க்கப் பார்க்க எனக்கு ரத்தம் கொதித்தது.

ஐந்தாம் நாள் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். தேரடியில் இறங்கி விசாரித்துக்கொண்டு வீட்டைக் கண்டுபிடித்தால், மனுஷன் சாவகாசமாக உட்கார்ந்து யாருடைய மிக்சியையோ கழற்றிக்கொண்டிருக்கிறார். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். டீ வாங்கிவரச் சொன்னார். வாய்க்கு வந்தபடி திட்டினேன். எல்லாவற்றையும் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். "நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு வந்துருதேன் அண்ணாச்சி."

நான் தெருவில் இறங்கியதும் அவர் மனைவி பின்னாலேயே வந்தார். "அண்ணாச்சி, நாளைக்கும் வர மாட்டாவ. நீங்க வீணாக் காத்துக் கெடக்காதீய" என்றார்.

"வர முடியாதுன்னா சொல்ல வேண்டியதுதானம்மா?"

"அவிய யார்கிட்டயும் முடியாதுன்னு சொல்ல மாட்டாவ. கல்யாணமாகிப் பதினாறு வருஷம், எங்கிட்டயும் சொன்னதில்ல. வரலைன்னா, நீங்க சொன்னதுல ஏதோ ஒண்ணு அவியளுக்குச் சம்மதமில்லன்னு அர்த்தம்."

"என்னது சம்மதமில்ல?"

"அதை நீங்கதான் யோசிச்சுப் பாக்கணும்" என்றார், ஏதோ பால்காரர் வரும் நேரத்தைச் சொல்வதுபோல.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. இதென்ன மாமியார் வீட்டில் கோபித்துக்கொண்ட மாப்பிள்ளையா, குறிப்பறிந்து நடக்க? ஆனாலும் யோசித்தேன். அவரிடம் நான் சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுபடுத்தி, வீட்டுக்கு வந்ததும் போன் போட்டேன். "தம்பி, செருப்புப் போட்டுக்கிட்டே வேலை பாருங்க, வீட்டுல ஒண்ணும் சொல்லமாட்டாங்க." சரி அண்ணாச்சி என்றார். மறுநாள் வரவில்லை. "சுவிட்சு எல்லாம் உங்க இஷ்டப்படி உயரத்துல வைங்க." சரி அண்ணாச்சி. வரவில்லை. மூன்றாம் நாள் பல்லைக் கடித்துக்கொண்டு, "போர்டை வாசப்பக்கமே வச்சிருங்க" என்றேன்.

"சரி அண்ணாச்சி." அதே குரல். மறுநாள் காலை எட்டு மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது கேட்டில் நின்றார்.

ஒருநாள் மத்தியானம் அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டேவிட்டேன். "தண்ணித் தொட்டி மேல போர்டு வைக்கக்கூடாதுன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன தம்பி? ஒரு வாரம் போச்சே."

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு, "சொன்னா நீங்க திருப்பிப் பேசுவீய அண்ணாச்சி. எனக்குப் பேசத் தெரியாது. பேசிப் பேசி என்னையச் சரின்னு சொல்ல வச்சிருவீய. வராம இருந்தா வையத்தான செய்வீய. வஞ்சா பரவால்ல" என்றார். கொஞ்சம் பொறுத்து, "வத்திராயிருப்புல ஒரு வீட்டுல அப்படித்தான் பேசிப் பேசிச் சரின்னேன்" என்றார். இலையில் பாதிச் சோறு இருக்கும்போதே எழுந்து கைகழுவப் போய்விட்டார். அங்கே யாருக்கு என்ன ஆயிற்று என்று நானும் கேட்கவில்லை.

வளைகாப்புக்கு மூன்று நாள் முன்னால் வேலை முடிந்தது. வாசல் நடையில் மீட்டருக்குப் பக்கத்தில் போர்டு. ஒவ்வொரு சுவிட்சுக்கும் கீழே பேர் எழுதி ஒட்டியிருந்தார். என் மனைவி முதல் காரியமாகப் பாத்ரூம் செருப்பு இரண்டு ஜோடியையும் எடுத்துக் குப்பைவண்டியில் போட்டாள். அவள் முகத்தில் அப்படியொரு நிம்மதி. அன்று சாயங்காலமே வினை ஆரம்பித்தது. ஹீட்டரைப் போட்டால் டக்கென்று வீடு முழுக்க நின்றுபோகும். தூக்கிவிட்டால் கொஞ்ச நேரம். மறுபடியும் டக். போனில், "ஹீட்டரை ஒரு பார்வை பாக்கணும் அண்ணாச்சி" என்றார். அது வாங்கி இரண்டு வருஷம்கூட ஆகாத ஹீட்டர். சம்பந்தி வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டிய ஏழு வகைச் சாதத்துக்குச் சாமான் வந்து இறங்கியிருக்கிறது, கிரைண்டர் பாதியில் நிற்கிறது, மனைவி என்னைப் பார்க்கிற பார்வையே சரியில்லை. "ஹீட்டர் நல்லாத்தான் இருக்கு. நீங்க வந்து அந்த ட்ரிப்பரைக் கழட்டிட்டு நேராக் குடுங்க" என்றேன்.

"சரி அண்ணாச்சி, கழட்டிரலாம்."

வரவில்லை. அதன் அர்த்தம் இந்தத் தடவை எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துதான் செய்தேன், அதை மறைக்கப் போவதில்லை. எத்தனை நாளைக்குத்தான் ஒருத்தர் மௌனத்துக்குப் பொருள் சொல்லிக்கொண்டிருப்பது? பக்கத்துத் தெருவிலிருந்து ஒருத்தனைக் கூட்டிவந்தேன். பத்தே நிமிஷம். ட்ரிப்பரைத் தாண்டி வயரை நேராகக் கொடுத்தான். ஹீட்டரிலிருந்து எர்த் வயரையும் உருவிவிட்டான். "இனி நிக்கவே நிக்காது சார்" என்றான். நிற்கவும் இல்லை.

வளைகாப்பு ஸ்ரீவில்லிபுத்தூரில் சம்பந்தி வீட்டில் நடந்தது. என் மகள் இரண்டு கை நிறைய வளையலோடு உட்கார்ந்திருந்தாள். பந்தியில் எனக்கு எதிரே அவரும் உட்கார்ந்திருந்தார், தெருக்காரர் என்று கூப்பிட்டிருந்தார்கள். "இப்ப ட்ரிப் ஆகுதா அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"ஆகல. நீங்க வரலைன்னா உலகம் நின்னுருமா? வேற ஆளை வச்சு நேராக் குடுத்தாச்சு" என்றேன். நாலு பேர் காதில் விழட்டும் என்றுதான் சொன்னேன்.

"ஹீட்டரு?"

"எர்த்தைக் கழட்டியாச்சு. ஜம்முன்னு ஓடுது."

"சரி அண்ணாச்சி" என்றார். தயிர்ச்சாதம் வருவதற்குள் அவர் இலை மூடியிருந்தது. ஆளைக் காணோம்.

பொழுது சாய மகளை அழைத்துக்கொண்டு காரில் வந்தோம். கூடச் சம்பந்தியம்மாவும் வந்தார், வயரிங்கைப் பார்க்கத்தான் வந்தார் என்று எனக்குத் தெரியும். தெருவெல்லாம் விளக்கு எரிகிறது. என் வீடு மட்டும் இருட்டு. கேட்டுக்குப் பக்கத்தில் மதில் ஓரமாக ஒரு உருவம் எழுந்து நின்றது. அவர்தான். சட்டைப் பையில் டெஸ்டரோடு எங்கள் வீட்டு மெயின் பியூஸ் கட்டையும் துருத்திக்கொண்டிருந்தது.

எனக்குக் கண்மண் தெரியாத கோபம். சம்பந்தியம்மா முன்னாலேயே கத்தினேன். "என்ன தம்பி இது, நல்ல நாளும் அதுவுமா? பியூஸைப் போடுங்க."

"ஏலாது அண்ணாச்சி" என்றார்.

எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்றே நினைத்தேன். "என்ன?"

"ஏலாது. வீடு பூட்டியிருந்துச்சு. உள்ள போக வழியில்ல. அதான் வெளிய மீட்டர்ப் பக்கம் இருந்த இதைப் பிடுங்கிட்டு உக்காந்திருக்கேன். ஹீட்டரைக் கழட்டுற வரைக்கும் போட மாட்டேன்." நான் என்ன பேசினாலும் காதில் வாங்கக்கூடாது என்பதுபோல என் முகத்தைப் பார்க்காமல் கேட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டைத் திறந்துவிட்டேன். அவர் டார்ச்சோடு உள்ளே போனார். எங்கள் எல்லோரையும் பாத்ரூமுக்கு வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, எங்களுக்குக் காட்டுவதற்காக மட்டும் பியூஸைப் போட்டு ஹீட்டரை ஓடவிட்டார். தன் ரப்பர் செருப்போடு பாத்ரூமுக்குள் போய் டெஸ்டரைக் குழாயில் வைத்தார். டெஸ்டர் எரிந்தது. லேசாக இல்லை, நன்றாகவே எரிந்தது. ஹீட்டரில் கசிந்த கரண்ட் எர்த்துக்குப் போக வழியில்லாமல் குழாய்க்கே வந்திருந்தது.

வாசலில் ஆரத்தி எடுத்து முடித்த கையோடு, கால் கழுவ வேண்டும் என்று என் மகள் எங்களுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தாள். பாத்ரூம் வாசலில் குனிந்து தேடினாள். வெறுங்கால். "அம்மா, இங்கன கெடந்த செருப்பு எங்க?" என்றாள்.

என் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஹீட்டரைக் கழற்றி, எல்லா வயரையும் பழையபடி மாற்றி, ட்ரிப்பரைச் சோதித்துக் காட்டிவிட்டுத்தான் அவர் போனார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது, "சரி அண்ணாச்சி, வாரேன்" என்று கிளம்பிவிட்டார். மகள் எங்கள் வீட்டிலேயே பெற்றாள். பேரன்.

நாலு வருஷம் கழித்து மாடியில் மகளுக்கென்று ஒரு அறை கட்டினோம். போன் போட்டேன். மாடிக்கும் லைன் இழுக்க வேண்டும், ஏ.சி. ஒன்று, ஹீட்டர் ஒன்று என்று விளக்கமாகச் சொன்னேன். குரல் கொஞ்சம் குழறியது, தூக்கக் கலக்கம் போல என்று நினைத்தேன். "சரி அண்ணாச்சி, செஞ்சிரலாம்."

ஒரு வாரமாயிற்று. வரவில்லை. எனக்குத்தான் இப்போது பாடம் தெரியுமே. காலண்டர் தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஏ.சி.யையும் ஹீட்டரையும் ஒரே லைனில் சொல்லிவிட்டோமோ? இரண்டு தாளாகப் பிரித்து எழுதி, போனில் சொன்னேன். சரி அண்ணாச்சி. வரவில்லை. மாடிக்குத் தனி போர்டு வேண்டுமோ? அதையும் சொன்னேன். வரவில்லை. மூன்று வாரம் இப்படியே தாளை மாற்றி மாற்றி அடுக்கினேன். "சொல்லித் தொலைச்சா என்ன இந்த மனுஷன்?" என்று வீட்டில் கத்தினேன். கடைசியில் தாள்களையெல்லாம் ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டு, நேரிலேயே கேட்டுவிடுவது என்று பஸ் ஏறினேன்.

கட்டிலில் படுத்திருந்தார். வலது கையும் காலும் விழுந்துபோயிருந்தன. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. "ரெண்டு மாசமாச்சு அண்ணாச்சி" என்றார் அவர் மனைவி. "நீங்க போன் போடும்போதெல்லாம் காதுல வச்சுப் பிடிச்சுக்கிடுவேன். சரி சரின்னு சொல்லுவாவ. நான் என்ன செய்ய? வாங்கிப் பேசப்போனா போனை விட மாட்டாவ."

எனக்கு அவரை இரண்டு அறை விடலாம் போலிருந்தது. அப்படியே உட்கார்ந்து அழலாம் போலவும் இருந்தது. கவரைப் பிரித்துத் தாள்களைக் கட்டிலில் அவருக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தேன். வெகுநேரம் பார்த்தார். இடது கையால் மாடி ஹீட்டர் தாளைத் தள்ளித் தள்ளி, ட்ரிப்பர் தாளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார். நான் அதை ட்ரிப்பருக்கு முன்னால் வைத்திருந்தேன்.

பிறகு என்னைப் பார்த்தார். "நாளைக்கு... எட்டு மணிக்கு... வாரேன் அண்ணாச்சி."

அவர் மனைவி என் முகத்தைப் பார்த்தார்.

"சரி தம்பி, வந்துருங்க" என்றேன்.

மறுநாள் எட்டு மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது போய்க் கேட்டைத் திறந்து வைத்தேன்.